ஒரு தட்டு மெதுவா, ரெண்டு தட்டு நில்லு

"அம்மா, நைனாவுக்குத் தூரத்துல இருக்கறது சரியா தெரியல."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சாராள் திரும்பி மகள் கிரேஸைப் பார்த்தாள். "உனக்கு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. சர்ச்சுல பலகையில நூத்திப் பன்னெண்டாம் பாட்டுன்னு எழுதியிருந்திச்சி. நைனா நூத்திப் பத்தொம்பதப் பாடினாரு. அதுவும் எல்லாரையும் வுட சத்தமா!"

சாராளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"வெளியில மூச்சு வுடாத. மொதலாளி காதுல வுழுந்தா, வேன் சாவிய வாங்கி வச்சிக்கினு ஊட்டுக்குப் போன்னுடுவாரு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லும்மா."

"சொல்லாமயா இருந்தேன்? எனக்கு இன்னா கொறைன்னு எரிஞ்சி வுழறாரு. நீ வேணா கேட்டுப் பாரு."

இந்தப் பேச்சு நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று கேட்டுவிட வேண்டும் என்று கிரேஸ் தினமும் நினைப்பாள். ஆனால் அப்பா மோசஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் வேறு என்ன செய்வாள்? தன்னால் முடிந்ததைச் செய்தாள். சனிக்கிழமைதோறும் கும்மிடிப்பூண்டியிலிருந்து நைனா ஓட்டிப் போகும் சோடா வேனில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுக வாய் ஓயாமல் பேசினாள்.

"நைனா, அந்த எருமயப் பாரேன். நடு ரோட்டுல நின்னுக்கினு யோசன பண்ணுது!"

"நைனா, எதிர்ல ஒருத்தரு ஒரு கையில கொடையப் புடிச்சிக்கினு சைக்கிள் ஓட்டினு வராரு!"

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்பார் மோசஸ். சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைப்பார்.

அந்தச் சனிக்கிழமை பொன்னேரிக் கடைகளில் சோடாவையும் கலரையும் இறக்கிவிட்டு, காலி பாட்டில்களோடு தச்சூர் கூட்டு ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் கருகல் வாடை அடித்தது. இஞ்சின் உறுமியது. வேன் மட்டும் நகர மறுத்தது.

"கிளட்ச் பிளேட்டு போச்சு. இனிமே யாராவது கட்டி இழுத்தாத்தான் உண்டு" என்றார் மோசஸ்.

மூன்று லாரிகள் நிற்காமலே போயின. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நின்றார். வேனைச் சுற்றி வந்து பார்த்தார். "மாடா இருந்தா தட்டிக் குடுத்து எழுப்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவதாக வந்த செங்கல் லாரி நின்றது. அதை ஓட்டி வந்த ஆதிகேசவன் மோசஸுக்குத் தெரிந்தவர். செங்கல் இறக்கிய காலி லாரியின் பின்பக்கம், பழவேற்காட்டு மீனை விற்றுவிட்டு வீடு திரும்பும் கன்னியம்மா தன் அலுமினியக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

லாரிக்கும் வேனுக்கும் இருபதடிக் கயிறு கட்டினார்கள்.

"என் லாரியில பின்னால லைட்டு எரியாது அண்ணே" என்றார் ஆதிகேசவன். "நான் பிரேக் போடறப்ப குரல் குடுப்பேன். கன்னியம்மா இந்தச் செவப்புத் துண்டத் தூக்கும். உடனே நீ பிரேக்க மிதிச்சிடு. இல்லாங்காட்டி வந்து மோதிடுவே."

"ஆவட்டும்" என்றார் மோசஸ்.

சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிகளும் மேற்கு நோக்கித்தான் போயின. வேனின் கண்ணாடி முழுவதும் ஒரே மஞ்சள் வெளிச்சம். மோசஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

ஒரு மைல் போயிருப்பார்கள். லாரிக்கு முன்னால் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. கன்னியம்மா துண்டைத் தூக்கினாள்.

மோசஸின் கால் அசையவில்லை.

"பிரேக்கு, நைனா! பிரேக்கு!" என்று அலறினாள் கிரேஸ்.

லாரியின் முதுகுக்கு ஒரு சாண் இடைவெளியில் வேன் நின்றது. பின்னால் பாட்டில்கள் கலகலவென்று உருண்டன. இரண்டு உடைந்தே போயின.

ஆதிகேசவன் குதித்து ஓடி வந்தார். "இன்னா அண்ணே, கண்ண எங்க வச்சிக்கினு ஓட்டற? துண்டு தூக்கினது தெரியல?"

மோசஸ் முன்கண்ணாடியைக் கையால் துடைத்தார். கிரேஸுக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆதிகேசவன் டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், ராத்திரிக்குள் அது முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"மாமா, ஒரு நிமிசம் இங்க வந்து பாருங்க. சூரியன் நேரா மூஞ்சியில அடிக்குது."

அவர் தலையை உள்ளே நீட்டினார். கண் கூசியது. "ஆமா, பேஜாராத்தான் இருக்குது" என்றார், குரலைத் தணித்து.

"துண்டு வாணாம் மாமா. கன்னியம்மா அக்கா கூடையத் தட்டட்டும். ஒரு தட்டு தட்டினா மெதுவா, ரெண்டு தட்டு தட்டினா நில்லு. காதுல கேட்டா போதுமே!"

லாரி மேலிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி பொண்ணே, என் கூடை நசுங்கிப் போனா உங்க நைனா புதுசு வாங்கித் தருவாரா?"

"நசுங்காம தட்டுங்க அக்கா."

"ஆங், மேளக்காரரு ஊட்டுல பொறந்தவ பாரு நானு!" என்று சொன்னாலும் ஒரு செங்கல் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வண்டிகள் ஒழுங்காகப் போயின. டங் என்றால் வேன் மெதுவாகும். டங் டங் என்றால் நின்றுவிடும். கன்னியம்மாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப் போனது. ஒரு தடவை காரணமே இல்லாமல் இரண்டு தட்டு தட்டி வேனை நிறுத்திவிட்டு, "சும்மா, கேக்குதான்னு பாத்தேன்" என்றாள்.

தச்சூர் கூட்டு ரோட்டு மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "பிளேட்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும். மூணு நாளு ஆவும்" என்றார். செங்கல் லாரி கிளம்பியது. கன்னியம்மா போகும்போதும் கூடையைத் தட்டிக்கொண்டே போனாள்.

அப்பாவும் மகளும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

"சூரியன்னு சொன்ன பாரு, நல்லா சொன்ன. ஆதிகேசவன் வாய அடச்சிட்ட" என்று மோசஸ் சிரித்தார்.

கிரேஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதே வெயிலில்தானே அவளும் உட்கார்ந்திருந்தாள்? மூன்று நாள் கழித்து வேன் மறுபடியும் ரோட்டுக்கு வரும். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கூடையைத் தட்டக் கன்னியம்மாவும் இருக்கமாட்டாள். இனியும் பேசாமல் இருந்தால், இன்று நைனாவைக் காப்பாற்றிய வார்த்தையே அவரை ஆபத்தில் விட்டுவிடும்.

மோசஸின் சிரிப்பும் மெல்ல அடங்கியது.

"கிரேஸு... அந்தத் துண்டு உனக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது நைனா. ஓரத்துல கிழிஞ்சி இருந்தது கூடத் தெரிஞ்சிது."

இந்தத் தடவை அவர் எரிந்து விழவில்லை.

கிரேஸ் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"வேனுக்கு மூணு நாளு ரிப்பேர் இருக்குது. அதுக்குள்ள நாம எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம் நைனா. நானும் உன்கூட வரேன்."