இரண்டு வயதுள்ள வண்டி

அந்த வீட்டாருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. சொன்ன சொல் தவறியதில்லை என்பது ஒன்று. தங்கள் ஸ்டேஷன் வேகனில் ஒரு திருகாணியைக்கூட மாற்றியதில்லை என்பது இன்னொன்று.

கூரை பின்பக்கம் வரை நீண்ட அந்த நீல வண்டி எழுபத்திரண்டாம் ஆண்டு செய்யப்பட்டது. தாத்தா வாங்கியது. அவர் காலமான பிறகு, கண்ணை இமை காப்பதுபோல் அப்பா அதைக் காத்துவந்தார்.

பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனார்கள். அப்பா ஓட்டினார். பத்து வயது மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் அக்கா, அதாவது அவளுடைய அத்தை, பின்னால் இருந்தாள்.

மகளுக்கு வீட்டில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். எதையும் உற்றுப் பார்க்காமல் விடமாட்டாள். தொலைந்த ஊசியைத் தேட அவளைக் கூப்பிட்டால், போன வருஷம் தொலைந்த பொத்தானும் சேர்ந்து கிடைக்கும் என்று அத்தை சொல்வாள்.

மைதானத்தில் பரிசோதகர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நீல வண்டியின் விவர அட்டையைப் படித்தார். முன்பக்கம் குனிந்தார். நெற்றி சுருங்கியது.

“சார், எழுபத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. இந்த முகம் எழுபத்தஞ்சோட முகம்.”

எழுபத்திரண்டில் பக்கத்துக்கு ஒரு முன்விளக்குதான் என்று அவர் விளக்கினார். நடுவில் உள்ள கம்பிகள் படுக்கையாக இருக்கும். இதிலோ பக்கத்துக்கு இரண்டு விளக்குகள், கம்பிகளும் நின்றுகொண்டிருக்கின்றன. இவை மூன்று வருஷம் கழித்து வந்தவை.

தன் தகப்பனார் பொய் சொல்லும் மனிதர் இல்லை என்றார் அப்பா. பக்கத்து வண்டிக்காரர்கள் இருவர் சிரிப்பை மறைத்துக்கொண்டார்கள்.

“வயசைக் குறைச்சுச் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். கூட்டிச் சொல்றவரை இப்பதான் பார்க்கறேன்” என்றார் ஒருவர்.

அப்பாவின் முகம் கல்லானது. மகளை ஏறச் சொன்னார். வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

அவள் ஏறவில்லை. இப்போது போனால், தாத்தா பொய்யர் என்ற பேச்சு நிலைத்துவிடும். வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

பின்விளக்குகள் வட்டமாக இருந்தன. பின்கதவு இரண்டு பாதியாகத் திறப்பது: கண்ணாடி மேலே போகும், பலகை கீழே இறங்கும். மூன்று வரிசை தள்ளி, இதே முகத்தோடு ஒரு பச்சை வண்டி நின்றது. அதன் அட்டையில் எழுபத்தைந்து. ஓடிப்போய் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். விளக்குகள் நிமிர்த்தி வைத்த செங்கல்போல் நீளமாக இருந்தன. கதவு ஒரே பலகை.

திரும்பி வந்து பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“பின்னாடி எழுபத்திரண்டேதான். அப்போ முன்பக்கம் அடிபட்டு மாத்தியிருக்காங்க. எப்படி அடிபட்டுது சார்?”

அப்பாவின் கண்கள் ஒரு கணம் பின் ஜன்னலுக்குப் போய்த் திரும்பின. உள்ளே அத்தை தலை குனிந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மகள் அதைக் கவனித்தாள். அத்தைக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று யாரோ ஒருமுறை சொன்னதும், தாத்தா சட்டென்று பேச்சை மாற்றியதும் அவளுக்கு நினைவு வந்தன. மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எப்படி அடிபட்டுதுன்னு சொல்லியே ஆகணும்னு விதி இருக்கா மாமா?” என்று பரிசோதகரிடம் கேட்டாள்.

“இல்லம்மா. வருஷத்தை உண்மையா எழுதினாப் போதும்.”

“அப்போ முன்பக்கம் எழுபத்தஞ்சு, பின்பக்கம் எழுபத்திரண்டுன்னு எழுதிடுங்க. மீதி எங்க வீட்டு விஷயம்.”

அப்பா மகளையே பார்த்தார். அப்போது வண்டிக் கதவு திறந்தது. அத்தை இறங்கி வந்தாள்.

“நான்தான் ஓட்டினேன்” என்றாள்.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஒரு வளைவில் லாரி எதிரே வந்து மோதியது. தாத்தா வேறொரு வண்டியின் முன்பக்கத்தை வாங்கிப் பொருத்தினார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கட்டளை போட்டார்.

“என் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் எங்க அப்பா எதையும் மாத்தலைன்னு பொய் சொன்னாரு. இனிமே அது வேண்டாம்” என்றாள் அத்தை.

அப்பா அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். “அன்னிக்கு அந்த வண்டியில நானும் இருந்தேன். அஞ்சு வயசு. லாரி என் பக்கம்தான் வந்துது. அக்கா வண்டியைத் திருப்பித் தன் பக்கத்தைக் காட்டினா. மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா.”

சிரித்த இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

பரிசோதகர் புது அட்டையையும் பேனாவையும் மகளிடம் நீட்டினார். அவள் இரண்டு வருஷங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

“கீழே இடமிருக்கா?” என்று கேட்டார் அப்பா. “யார் ஓட்டினதுன்னும் எழுதும்மா.”

மகள் பானெட்டின் மேல் அட்டையை வைத்து, தன் அழகான கையெழுத்தில் நிதானமாக எழுதினாள்: ‘ஓட்டியவர், எங்கள் அத்தை.’