கேம்லின் தெருவுக்கு ஒரே பிள்ளை

நுன்சியா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மகள் அகத்தினாவுமாகப் புதுக் கட்டடத்தின் பின்வாசலில் வந்து நின்றபோது பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. பாஸ்டனின் மேற்கு முனையில் கேம்லின் தெரு இருந்த இடம் அது. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் விதவையானதும் அங்கேதான். சேரி என்று பெயர் சூட்டி அத்தனை வீடுகளையும் இடித்துத் தள்ளி, ஆற்றைப் பார்த்தாற்போல அடுக்குமாடிகளை எழுப்பியிருந்தார்கள். தெருக்காரர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள். இந்த வாடகை அவர்களில் ஒருவருக்கும் கட்டுப்படியாகாது. நுன்சியாவும் மாடிப்படி துடைக்கத்தான் திரும்பி வந்தாள்.

மேனேஜர் விட்கோம், கொதிகலன் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையைத் திறந்துவிட்டார்.

"பாரும்மா, பிள்ளை சத்தம் மேல கேட்கக் கூடாது. இங்க குடியிருக்கிறவங்க யாருக்கும் குழந்தை கிடையாது. உனக்காகத்தான் கண்ணை மூடிக்கிறேன்."

நுன்சியா தலையாட்டினாள். சம்பளம் அற்பம், அறையில் சன்னல்கூட இல்லை. ஆனாலும் இந்த வேலைக்காக அவள் தவம் கிடந்தாள். பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்த நாளில் அவள் கணவன் சவேரியோ நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அகத்தினாவுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின ராத்திரி செத்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வருவார்கள், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலிக்காரர்களின் நம்பிக்கை. சவேரியோவுக்குத் தெரிந்த வீடு இந்த இடத்தில்தானே இருந்தது? ஒரே ஒருமுறை வந்து வளர்ந்த மகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

திருநாளுக்கு முந்தின மாலை சவேரியோவின் தங்கை பிலோமினா, இப்போது குடியிருக்கும் மால்டனிலிருந்து பஸ் ஏறி, அகத்தினாவின் செருப்புக்குள் ஒளித்து வைக்க ஒரு சர்க்கரைப் பொம்மை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ அண்ணி, இதென்ன ரூமா, அடுப்பா? வேகுதே!"

"குளிர்காலத்துல வந்து சொல்லு. நீங்க அங்க செத்தவங்களுக்குச் சாப்பாட்டு மேஜை வைக்கலையா?"

"மால்டன்லயா? யாருக்கு வைக்க? செத்தவங்களுக்கு அந்த விலாசம் தெரியுமா? ஒரு மாசத்துல காலி பண்ணுன்னு விரட்டினாங்க. சட்டி பானையை அள்ளவே நேரமில்ல. இதுல யாரு கல்லறைக்குப் போய் அவங்ககிட்ட வீடு மாறுறோம்னு சொல்லிட்டு வந்தா?"

"ஒருத்தருமேவா சொல்லல?"

"ஒருத்தரும் சொல்லல." பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, அண்ணன் பேரை மட்டும் சொல்லி வைங்க. வேற யாரையும் கூப்பிடாதீங்க. அவங்கவங்க மேஜை அவங்கவங்களுக்கு, கேட்டீங்களா?"

அவள் போனதும் நுன்சியா மேஜை விரித்தாள். ரொட்டி, வறுத்த கடலை, ஒரு குவளை ஒயின், ஒரு கூஜா தண்ணீர். கதவைத் தாழிடாமல் விட்டு, "சவேரியோ, வா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே எங்கோ கிராமபோன் பாடியது. யாரோ சிரித்தார்கள். நாலு சுவருக்குள் அவள் தனியாக நின்றாள். முகம் மழித்துவிட்ட கலோஜெரோ, மீன் விற்ற ஸ்படாரோ சகோதரிகள், சன்னலுக்குச் சன்னல் கத்திப் பேசிய கிழவிகள் என்று செத்துப்போன எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள்.

"நம்ம தெருக்காரங்க எல்லாருமே வாங்க" என்றாள் அழுதுகொண்டே. "எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

காலையில் அகத்தினாவின் குதூகலச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தாள்.

செருப்பில் ஒரு பொம்மை இருக்க வேண்டும். கட்டில் முழுக்கப் பொம்மைகள். தலையணைக்கு அடியில், அலமாரியில், அடுப்பின் மேல், நுன்சியாவின் மடியிலும்கூட. காலத்தால் மஞ்சளாகிப்போன சர்க்கரைப் பொம்மைகள். எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புத் தூசி.

ரொட்டி இல்லை. கூஜா காய்ந்து கிடந்தது.

இடித்த வீட்டின் புழுதி வாடை அறையை நிறைத்திருந்தது. தரையில் வெள்ளை வெள்ளையாகக் காலடித் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாம் உள்ளே வந்த தடங்கள். வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

"யாருடி குடுத்தா இதெல்லாம்?"

"இது கலோஜெரோ மாமா. இது மீன்கார அத்தைங்க. பெரிய அத்தைக்கு ஒரு கண்ணு தெரியாதும்மா."

கைக்குழந்தையாக அந்தத் தெருவை விட்டுப் போனவள் அவள். நுன்சியா அவள் தோளைப் பிடித்தாள்.

"அப்பா வந்தாராடி?"

"வந்தார். உள்ள வர இடமில்ல. வெளியவே நிக்கிறாராம்."

நுன்சியா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நடையில் யாரும் இல்லை. குளிர் மட்டும் கணுக்காலைத் தொட்டது.

உச்சிப்பொழுதுக்கு மாதா கோயில் மணி அடித்தால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அதுதான் வழக்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மகளை மடியில் இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். உச்சிப்பொழுது தாண்டிப் போனது. அப்புறம்தான் உறைத்தது. தெருமுனைக் கோயிலையும் சேர்த்துத்தான் இடித்திருந்தார்கள்.

மணி அடிக்க ஆளும் இல்லை, மணியும் இல்லை.

அகத்தினாவின் தலைமுடி பின்னப்பட்டிருந்தது. நுன்சியா பின்னவில்லை. கேம்லின் தெருக் கிழவிகள் பின்னுவதுபோல நெருக்கி, இழுத்து, சின்னச் சின்னச் சடைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான முடிச்சு. அவிழ்த்துவிட்டாள். கை எடுப்பதற்குள் மறுபடி பின்னியிருந்தது.

"என் பிள்ளையை விடுங்க" என்று வெற்று அறையைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்க பேரப்பிள்ளைங்க எல்லாம் வேற ஊர்ல இருக்காங்க. அங்க போங்க."

"அவங்களுக்கு வழி தெரியாதும்மா" என்றாள் அகத்தினா. "தெருவுல மிச்சம் இருக்கிற பிள்ளை நான்தானாம்."

நுன்சியா மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். மால்டன் பஸ் வந்து நின்றது. ஒரு சீட்டில்கூட ஆள் இல்லை. டிரைவர் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"இத்தனை பேரும் உங்ககூடவா? இடம் பத்தாதும்மா."

கதவைச் சாத்திக்கொண்டு பஸ் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. போக்கிடம் எதுவும் தோன்றாமல், கால் போன போக்கில் அதே அறைக்கே வந்து சேர்ந்தாள்.

உள்ளே நுழைந்ததும் அகத்தினா மேஜையருகே போய் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி நாற்காலிகள் மெல்ல நகர்ந்தன. பிறகு அசைவில்லை.

"அம்மா, அப்பா உள்ள வரட்டுமா?"

"வரச் சொல்லுடி. வந்து இவங்களை எல்லாம் அனுப்பச் சொல்லு."

"யாராவது ஒருத்தர் வெளிய போனாத்தான் அவருக்கு இடமாம்." குழந்தை தலையைச் சாய்த்து யார் சொல்வதையோ கேட்டாள். "உன்னைத்தான் போகச் சொல்றாங்க."

நுன்சியாவுக்கு மகளை விட்டு நகர மனமில்லை. ஆனால் சவேரியோ உள்ளே வந்துவிட்டால் பிள்ளை ஒரு சொந்தக் கையிலாவது இருக்கும். இந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசுவான். ஒரு நிமிஷம்தானே? அவள் வாசல்படியைத் தாண்டினாள்.

அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போனது. அவனுடைய புகையிலை வாசனை.

கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா!" என்று அகத்தினா சிரித்தாள். நுன்சியாவுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. பிறகு கைப்பிடியைத் திருகினாள். அது அசையவில்லை. தட்டினாள், உதைத்தாள், கணவன் பேரைச் சொல்லிக் கதறினாள். உள்ளே தட்டுகளின் ஓசையும் பலர் சேர்ந்து பேசும் இரைச்சலும் ஞாயிற்றுக்கிழமை விருந்துபோலக் கேட்டன.

கூச்சல் கேட்டு விட்கோம் இறங்கி வந்தார். முணுமுணுத்துக்கொண்டே தன் சாவியைப் போட்டுத் திறந்தார். சட்டென்று பேச்சொலி நின்றது.

அகத்தினா மேஜையின் தலைப்பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் ரொட்டித்துகள். அவள் நுன்சியாவை நிதானமாக, முன்பின் பார்த்திராதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இங்க இடமில்ல" என்றாள் மேனேஜரிடம். "இந்த அம்மாவுக்கு வேற வீடு பார்த்துக் குடுங்க."

விட்கோம் நுன்சியாவின் பக்கம் திரும்பினார். அவர் தோளில், கோட்டின் மேல், வெள்ளையாக ஒரு கைத்தடம் பதிந்திருந்தது.

"காலி பண்ணிடும்மா" என்றார்.