லீலாபாய் கண்ட ஆள்

காலை ஐந்தே முக்கால். அருமனையில் குமாரதாஸ் தன் வீட்டு அடுக்களையில் மண்டை உடைந்து இறந்து கிடந்தார். பக்கத்தில் உலக்கை. முன்கதவு, பின்கதவு இரண்டும் உள்ளே தாழிட்டிருந்தன. வீட்டில் இருந்தவர்கள் மனைவி லீலாபாயும் மகள் ஜெனிலாவும் மட்டுமே.

"கறுப்பா ஒரு ஆளு. எனக்க வீட்டுக்காரரைக் கொல்ல வந்தான்" என்று லீலாபாய் நடுங்கினார். அவருடைய சட்டைக் கையில் ரத்தம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மகள் அடித்துவிட்டு பழியை நோயாளித் தாய் தலையில் போடுகிறாள் என்று மதிலுக்கு வெளியே பேச்சு ஓடியது. லீலாபாய்க்கு மூன்று வருடமாக நடுக்குவாதமும் அதோடு வந்த மறதியும். அடித்தது தாய்தான் என்பதில் இன்ஸ்பெக்டர் பகவதியம்மாளுக்குச் சந்தேகமில்லை. லீலாபாயின் கண்கள்தான் அவரைப் பயமுறுத்தின. முகத்தில் வெயில் அடித்தும் கண்மணிகள் சுருங்கவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டு ஒட்டியது.

"முன்ன யாரையாவது அடிச்சிருக்காவளா?"

"இல்ல மேடம். பீரோ மேல சின்னப் பிள்ளையளு இருக்குன்னு சொல்லுவா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா" என்றாள் ஜெனிலா.

"பயந்தது?"

"போன மாசம் ஒருநாள். அப்பாவைப் பாத்து, 'யாருலே நீ'ன்னு கத்தினா. மறுநாள் சரியாயிட்டு."

"அன்னைக்கு எங்க போனிய?"

"திருவனந்தபுரத்துக்கு. டாக்டரைப் பாக்க."

"நேத்து?"

"நேத்தும் அங்கதான்." ஜெனிலா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மையக் கொண்டுபோய் அடைச்சுப் போடுவியளா மேடம்?"

"டாக்டர் மருந்தை மாத்தினாரா?"

"இல்ல. அதே மருந்துதான்."

பகவதியம்மாள் பயணப் பையைக் கவிழ்த்தார். துவர்த்துத் துண்டு, எலுமிச்சம்பழம், ஒரு மாத்திரை அட்டை.

"இது?"

"அது மருந்தில்ல. பஸ்ஸுல வாந்தி வராம இருக்க. போன மாசம் ஒண்ணு குடுத்தேன். நேத்து போகும்போது ஒண்ணு, வரும்போது ரெண்டு. அந்த வளைவு ரோடு அம்மைக்குத் தாங்காது."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"வாந்தி மாத்திரையெல்லாம் யாராவது டாக்டர்கிட்ட சொல்லுவாவளா?"

பகவதியம்மாள் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். எப்படிச் சொன்னாலும் அது அந்தப் பெண்ணைக் குத்தத்தான் போகிறது.

"மூளையில அசெட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் உண்டு மக்களே. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல அது வேணும். அம்மைக்க நோயில அது ஏற்கெனவே வத்திப் போச்சு. மிச்சமிருந்த கொஞ்சத்தையும் வேலை செய்யவிடாம இந்த மாத்திரை தடுத்துட்டு. கண்ணு விரிஞ்சது, நாக்கு வறண்டது, புருஷன் கறுத்த ஆளாத் தெரிஞ்சது எல்லாம் இதனாலதான். அடிச்சது அம்மை. அடிக்க வச்சது இது."

"குடுத்தது நான்."

"தெரியாமக் குடுத்த. அம்மையை யாரும் அடைக்கமாட்டாவ, மாத்திரை செஞ்ச வேலைன்னு டாக்டர் எழுதித் தாராரு. மாத்திரையோட வேகம் அடங்கினா தெளிஞ்சிருவான்னும் சொன்னாரு."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஜெனிலாவோ அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் லீலாபாயின் கண்மணிகள் சுருங்கின. பதற்றம் அடங்கியது. சுற்றிலும் பார்த்தார். மகளை அடையாளம் கண்டு சிரித்தார்.

"ஏட்டி ஜெனிலா, அப்பா எங்க? சாயா குடிச்சாரா?"