முன்தோள்

முதல் தடவை கேட்டபோது எதிரொலி என்றுதான் கிருபைராஜ் நினைத்தான்.

முன்னால் போன பரமசிவன் "கல்லு" என்றார். பின்னால் வந்த இவன் "கல்லு" என்று திருப்பிச் சொன்னான். பிறகு, இலைகளில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, இன்னொரு "கல்லு" கேட்டது. இரண்டு பக்கமும் கரும்பாறை சுவராக நிற்கிற இடம் அது. சொன்னதைப் பாறை திருப்பித் தருவதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஆனால் பாறை முடிந்து புல்மேட்டுக்கு வந்த பிறகும், அவர் "வழுக்கு" என்று சொல்லி, இவன் "வழுக்கு" என்று சொல்லி முடித்ததும், மூன்றாவதாக ஒன்று அவசரமில்லாமல் "வழுக்கு" என்றது. புல் எங்கேயாவது எதிரொலிக்குமா?

நின்று யோசிக்கவா நேரம் இருந்தது! இருவர் தோளுக்கும் நடுவே மூங்கில், மூங்கிலில் கட்டிய கம்பளித் தூளி, தூளிக்குள் அவன் பெண்டாட்டி சாராள். மூன்று நாளாகப் பிரசவ வலி. ஏலத்தோட்டத்து மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாசத்துக்கு ஒருநாள் களக்காட்டுக்கு வருகிற டாக்டரம்மா இன்றைக்கு வந்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டியேறிப் போய்விடுவாள். அதற்குள் மலையிறங்கியாக வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து தரித்த பிள்ளை. மணியாச்சியில் கலெக்டரைச் சுட்ட ஆனி மாசம் போய், ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம்.

தூளி தூக்குவதில் ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவனுக்குத் தன் கால் தெரியாது, தூளி மறைத்துவிடும். முன்தோள் கொடுப்பவர்தான் அவனுக்குக் கண். அவர் கல்லு என்றால் காலைத் தூக்க வேண்டும், பள்ளம் என்றால் எட்டி வைக்க வேண்டும். காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாக அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பரமசிவன் இருபது வருஷம் துரைமார்களைத் தூக்கிய ஆள். அவர் சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். இறக்கம் என்பதால் சாராளின் தலையை மேட்டுப்பக்கம், இவன் பக்கமாகவும், காலை அவர் பக்கமாகவும் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

உச்சிப்பொழுது தாண்டியதும் மேகம் இறங்கியது. முதலில் மரத்தலைகள் போயின, பிறகு பரமசிவன் அண்ணாச்சியின் முண்டாசு, பிறகு அவர் முதுகு, கடைசியில் மூங்கிலின் பாதியே போய்விட்டது. ஈரக் கம்பளியின் வீச்சமும், பாறைப் பாசியின் வாடையும், மருத்துவச்சி அரைத்துப் பூசிய பூண்டு நெடியும், அதற்கடியில் இரத்தத்தின் கவிச்சியும் மூக்கை அடைத்தன. அட்டைகள் கெண்டைக்காலில் ஏறிக் கடிப்பது தெரிந்தும் குனிய முடியவில்லை. கேட்பதற்கு இருந்தது மூன்றே சத்தம்: எங்கேயோ கீழே ஓடுகிற தண்ணீர், சாராளின் முனகல், முன்னாலிருந்து வருகிற குரல்.

"வேரு."

"வேரு."

இப்போது மூன்றாவது குரலைக் காணோம். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அந்த நிம்மதியில் கொஞ்ச தூரம் ஓட்டமாகவே நடந்தான். அப்புறம்தான் உறைத்தது. அண்ணாச்சி தன் கால் கல்லில் படும்போது சொல்வார். நாலு எட்டு கழித்துத்தான் அது இவன் காலுக்கு வரும். எண்ணி எண்ணிப் பழகிய கணக்கு அது. இப்போதோ சொல்லும் கல்லும் ஒன்றாக வந்தன. யாரோ இவன் காலையே பார்த்துக்கொண்டு சொல்வதுபோல் இருந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் இறக்குவோம்" என்றான்.

பைய இறக்கினார்கள். மூங்கிலைத் தடவிக்கொண்டே முன்னால் போனான். பரமசிவன் குந்தியிருந்து மூச்சு வாங்கினார்.

"ஏலே கிருபை, நல்லாத்தாம்லே வழி சொல்லுதே" என்றார் கம்மிப்போன குரலில். "பின்னால இருந்துக்கிட்டு முன்னால போறவனுக்கு வழி சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

"நானா? நீங்க சொல்லுததத்தான நான் திருப்பிச் சொல்லுதேன்?"

"வெளையாடாதலே. எனக்குத் தொண்ட கட்டிக்கிட்டு. நான் வாயத் தொறந்து ஒரு நாழிக ஆச்சு."

இருவரும் ஒரே சமயத்தில் தூளியைப் பார்த்தார்கள். சாராள் பல் கிட்டி மயங்கிக் கிடந்தாள். குனிந்து தரையைப் பார்த்தார்கள். அங்கே தடமே இல்லை. நாலாபக்கமும் வழவழவென்று மொட்டைப் பாறை. ஒரு நாழிகையாக எந்தக் குரலை நம்பி நடந்தார்களோ, அது அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

"அண்ணாச்சி, என் பிள்ளை..." என்றான். அதற்குமேல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அழாதலே. அழுதா ஆச்சா?" பரமசிவன் எழுந்து முண்டாசை இறுக்கினார். "தண்ணிச் சத்தத்த வச்சு எறங்கிருவோம். இனிமே நீயும் பேசாத, நானும் பேசமாட்டேன். எது பேசுனாலும் காதுல வாங்காத."

தூக்கினார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் அது ஆரம்பித்தது.

"பள்ளம்."

அசல் பரமசிவன் குரல். தொண்டை கட்டாத குரல். கிருபைராஜ் அதைக் கேளாதவனாகக் காலை வைத்தான். முழங்கால் வரை பொந்துக்குள் போயிற்று. கணுக்கால் மடங்கி உயிர் போகிற வலி. தூளி ஆட, சாராள் கத்தினாள். "சாராம்மா, பொறுத்துக்கோ, வந்துட்டோம்" என்று பொய் சொன்னான்.

"கல்லு."

இப்போது காலைத் தூக்கினான். கல் இருந்தது.

"வேரு."

வேர் இருந்தது.

பொய் சொன்னால் பரவாயில்லையே! பொய் சொல்கிறதைக் கேட்காமல் இருந்துவிடலாம். இது ஒவ்வொன்றையும் உண்மையாகச் சொன்னது. கேட்டு நடப்பதா, கேளாமல் விழுவதா? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இருபத்துமூன்றாம் சங்கீதத்தை முணுமுணுத்துப் பார்த்தான். பாதியில் மறந்துபோயிற்று. "ஏசப்பா, ஏசப்பா" என்பது மட்டும் வாயில் நின்றது. காலோ அந்தக் குரலைத்தான் கேட்டு நடந்தது.

எல்லாக் கல்லையும் சொன்ன குரல் ஓரிடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

மூங்கிலின் முன்முனை சடாரென்று ஒரு முழம் தாழ்ந்தது. தாழ்ந்த வேகத்திலேயே நிமிர்ந்தது. இடப்பக்கம், வெகு ஆழத்தில், கற்கள் உருண்டன.

"கிருபை! விட்ராதலே..."

பரமசிவனின் குரல். கம்மிப்போன குரல். கீழேயிருந்து வந்தது. அதற்கப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அண்ணாச்சி கீழே.

தூளி விழவில்லை.

முன்பாரத்தை எதுவோ அப்படியே தாங்கியிருந்தது. நடந்தது. இறக்கம் இல்லை, மேடு. களக்காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைமேல் ஏறியது. அவன் குதிங்காலை ஊன்றி இழுத்துப் பார்த்தான். தூளியின் கயிறு நெறுநெறுத்தது. அறுந்தால் பெண்டாட்டி பாதாளத்தில். விடவும் முடியாது, நிற்கவும் முடியாது. "ஐயா, யாராயிருந்தாலும் சரி, விட்டுருங்க. உங்க காலுல விழுதேன்" என்று கதறினான்.

"கல்லு" என்று பதில் வந்தது.

தூளிக்குள் சாராள் விழித்திருந்தாள்.

"என்னங்க... முன்னால வாரது யாரு?"

"அண்ணாச்சிதாம்மா."

"இல்லங்க. அவுக முன்ன பாத்து நடக்கல. என்னையப் பாத்துக்கிட்டே பின்னால பின்னால நடக்காவ." அவள் மூச்சு திணறியது. "கைய நீட்டுதாவ..."

"கண்ண மூடிக்கோ சாராம்மா. கண்ண மூடு!"

அவள் அலறினாள். தூளி குலுங்கியது. சூடான நீர் அவன் பாதத்தில் கொட்டியது. அதற்குப் பின்னால், ஈரமாக, மெலிசாக, ஒரு குழந்தையின் அழுகுரல்.

ஒன்பது வருஷம். "ஸ்தோத்திரம்" என்று அவனையறியாமல் வாய் சொல்லிவிட்டது. சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன.

இரண்டாவது அழுகுரல் தூளிக்குள்ளிருந்து வரவில்லை.

முன்முனையிலிருந்து வந்தது.

மேகம் ஒரு கணம் விலகியது. மூங்கிலின் முனைக்கடியில் தோளில்லை, ஆளில்லை. அதன் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், வெறும் காற்றில், சிவக்கச் சிவக்க அவன் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கொடி இன்னும் அறுபடவில்லை. பிள்ளையின் தொப்புளிலிருந்து தூளி வரைக்கும் விண்ணென்று இழுபட்டு நின்றது. இவன் ஓரடி பிந்தினால் அது இழுக்கும். சாராள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்றாள்.

மேகம் மூடிக்கொண்டது.

"கல்லு."

கிருபைராஜ் காலைத் தூக்கினான்.