மூலக்கூறுக்கு வலிக்குமா?

"கரிசக்காட்டுப் பிள்ளதானா நீங்க? மழை பெஞ்ச வண்டிப்பாதைல யாராச்சும் ஸ்கூட்டிய விடுவாங்களா?"

செண்பகவல்லிக்குச் சுர்ரென்று வந்தது. சொந்த ஊரான பசுவந்தனைக்குப் போகிற பாதையில் கேள்வி கேட்க இவன் யார்? ஆனால் கேட்டது நியாயம்தான். தார் ரோட்டில் போனால் தெரிந்தவர்கள் நிறுத்தி, கல்யாணம் எப்போ என்பார்கள். அதற்குப் பயந்து குறுக்கே விட்டாள். கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது.

பக்கத்துப் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட வந்தவன் அவன். தூறலுக்குத் தலையில் மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி. குச்சியால் மண்ணை நோண்டிக்கொண்டே நிமிர்ந்தான். அம்மாடி... என்ன கண்ணு! கிடைக்காவலில் தூங்கி நாளான கண். அவள் கண்ணும் அப்படித்தானே இருந்தது...

அவள் தோளில் தொங்கிய பல்கலைக்கழகப் பையைப் பார்த்தான். "என்ன படிக்கீங்க?"

"லேசர் ஒளியால மூலக்கூற உடைக்கிற ஆராய்ச்சி."

"அருவா மாதிரி வெட்டுமோ?"

அத்தனை அலுப்பிலும் சிரிப்பு வந்தது அவளுக்கு. "வெட்டாது. ஒரே ஒரு துடிப்பு... கண் இமைக்கிற நேரம்கூட அதுக்கு ஒரு யுகம். ஒட்ட வச்சிருக்கிற எலக்ட்ரான உருவிரும். மிச்சம் இருக்கது ஒண்ணையொண்ணு தள்ளிட்டுப் பிரிஞ்சிரும். நடுங்கக்கூட நேரம் இருக்காது. துடிப்பு நீண்டுபோச்சுன்னா வெறும் சூடுதான்."

"வலிக்காதா?"

"மூலக்கூறுக்கா?" இப்படி யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. "எனக்குத்தான் வலிக்குது. மாசக்கணக்கா துடிப்பு சரியா வரல. சலிச்சுப்போச்சு. படிப்ப விட்டுட்டேன், யாரையாச்சும் பாருங்கன்னு அய்யாகிட்டச் சொல்லத்தான் போறேன். போன ஆவணில புதூர்க்காரன் ஒருத்தன் போட்டோவக்கூடப் பாக்காம வேண்டாம்னுட்டான்... அதுலயே மனசு விட்டுப்போச்சு."

குச்சி அப்படியே நின்றது.

"நீங்க... செண்பகவல்லியா? அந்தப் புதூர்க்காரன் நாந்தான். செல்வகணேஷ்."

அடப்பாவி!

"எடுங்க குச்சிய! என் வண்டிய நானே பாத்துக்கிடுதேன்." சொல்லும்போதே கண் முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் வேண்டாம்னீங்க? கூடுதலாப் படிச்சிட்டேன்னா?"

"இல்லங்க. கல்யாணம் முடிஞ்சா படிப்ப நிறுத்திருவோம்னு உங்க வீட்ல சொல்லிவிட்டாவ. எனக்கு அது பிடிக்கல. போட்டோவப் பாத்தா வேண்டாம்னு சொல்ல வாய் வராதுன்னுதான் பாக்கல..." கடைசி மண்ணையும் வழித்துப்போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினான். சுற்றியது. "இப்பம் நீங்களே படிப்ப விட்டுட்டு வாரீங்க. அப்பம் நான் வேண்டாம்னது வீணாப் போச்சே."

மழை வலுத்தது. ஆடுகள் ஒன்றோடொன்று ஒண்டி நின்றன. அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்கு நடுங்க நேரம் இருக்கவில்லை.

"படிப்ப விடல. அய்யாகிட்ட வேற சேதி சொல்லுதேன். முடிக்க இன்னும் நாளாகும்... காத்திருப்பீங்களா?"

"ஆட்டுக்குப் பின்னால நிக்கிறவனுக்கு நிக்கிறது புதுசா?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் திரும்பினாள்.

"வலிக்காதான்னு கேட்டீங்கள்லா..."

"ஆமா?"

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா பிடிச்சிருக்கு... உங்களத்தான்."