பிக்கப்பில் போன குஞ்சுகள்

மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதுமே குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன.

சுண்டுவின் மடியில் அட்டைப் பெட்டி. உள்ளே நேற்று முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சுகள். மலைமேல் இருக்கும் பண்ணைக்கு அவற்றைக் கொண்டு சேர்ப்பது அம்மாவின் வேலை. அம்மாவின் பிக்கப் வண்டி சுண்டுவைவிட வயதில் மூத்தது.

"அம்மா, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது."

"குளிருதுன்னு அர்த்தம். ஹீட்டரைக் கூட்டு."

"கூட்டியாச்சு. இனிமே திருகினா குமிழ் கையோட வந்துடும்."

அம்மா வண்டியை ஓரம் கட்டினாள். பண்ணைக்கு இன்னும் பாதி வழி இருந்தது. இந்தக் குளிரை அதுவரை குஞ்சுகள் தாங்காது. திரும்பிப் போனாலும் அதே தூரம்தான்.

அம்மா பானட்டைத் திறந்தாள். ஹீட்டருக்கு வெந்நீர் போய்வரும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ரெண்டும் சுடுது. தண்ணி நல்லாத்தான் ஓடுது. அப்புறம் இதுக்கு என்ன கேடு?"

சுண்டு காற்று வரும் துளையில் கன்னத்தை வைத்தாள்.

"காத்து சூடாத்தான் இருக்கும்மா. ஆனா நம்ம மாமா ஊருக்குக் கிளம்புற மாதிரி மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா வருது."

"ஃபேன் சுத்துற சத்தம் கேக்குதே."

"அது எங்கேருந்து காத்தை இழுக்கும்?"

"வெளிக்காத்தை அடைச்சு வச்சிருக்கேன். உள்ள இருக்கிற காத்தைத்தான் இழுக்கணும். எந்தப் பக்கமா இழுக்குதுன்னு நான் பார்த்ததே இல்ல."

பெட்டியின் ஓரத்தில் பூஞ்சிறகு ஒன்று ஒட்டியிருந்தது. சுண்டு அதை எடுத்துத் தன் காலடியில் பறக்கவிட்டாள். அது மிதந்தது. மெல்ல நகர்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஃபேனை நிறுத்தும்மா."

பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கையை விட்டாள். காற்று நுழையும் கம்பி வலைமேல் மெத்தை மாதிரி ஏதோ படிந்திருந்தது. பிய்த்து எடுத்தாள். எல்லாம் மஞ்சள் பூஞ்சிறகு. ஒரு சின்னத் தலையணையே தைக்கலாம். இதற்கு முன் இதே இருக்கையில் பயணம் போன குஞ்சுகள் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுப் போனது.

அம்மா பெட்டியை முறைத்தாள். "வழியை அடைக்கிறதும் நீங்க, குளிருதுன்னு கத்துறதும் நீங்களா?"

"இவங்களைத் திட்டாதம்மா. இவங்க நேத்துதானே பொறந்தாங்க."

வண்டி கிளம்பியது. துளைகளிலிருந்து சூடான காற்று புஸ்ஸென்று வந்தது. இரண்டு வளைவுகள் தாண்டுவதற்குள் கத்தல் அடங்கிவிட்டது. அம்மாவின் நெற்றி வியர்த்தது.

"போதும்டி, வேகுது. கொஞ்சம் குறை."

சுண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். குவியல் கலைந்திருந்தது. குஞ்சுகள் ஆளுக்கோர் இடம் பிடித்து, கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.

"குறைக்க முடியாது," என்று கிசுகிசுத்தாள். "நீ ஸ்வெட்டரைக் கழட்டிக்கோ."