அதே மீன்தான்

காலையில் தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு மேனகா ஒரு சிட்டிகை தீனியைத் தூவினாள். ஏஞ்சல் மீன்கள் இரண்டும் மேலே வரவில்லை. மற்ற நாளென்றால் அவள் கை தெரிந்தாலே அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். இன்றைக்கு, ஒன்றின் தட்டையான உடம்பில் வயிறு மட்டும் புடைத்துக்கொண்டிருக்க, இரண்டும் காற்று மோட்டார் பக்கத்தில் அசையாமல் நின்று அவளையே பார்த்தன. நீலமும் சிவப்புமாய்க் கோடிழுத்துத் திரியும் குட்டி நியான் மீன் கூட்டத்தில் ஒன்று குறைந்திருந்தது. செத்து மிதக்கவில்லை. கூழாங்கல்லுக்கு நடுவிலும் கிடக்கவில்லை. துள்ளி வெளியே விழுந்துவிட்டதோ என்று தரையைத் துழாவிப் பார்த்தாள், ஒரு செதில்கூட இல்லை.

போனது கோணவாலன். வால் ஒருபக்கமாய் நெளிந்த அந்த நியானுக்கு அவள் மகள் சுடர்விழி வைத்த பெயர் அது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதனோடு பேச உட்கார்ந்துவிடும்.

எங்கே போனது என்று மேனகாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார். "அக்கா, இப்ப பொத்தான் சைசுல சாதுவா இருக்கும். பெருசாச்சுன்னா சின்னத முழுங்கிடும். சேத்து வுடாதீங்க." இவள் கேட்டால்தானே! ஏஞ்சலின் வெள்ளி உடம்பிலும் நீண்டு தொங்கும் துடுப்பிலும் மயங்கி, ஒன்றாக வளர்ந்தால் பழகிவிடும் என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு இரண்டு சாதியையும் வாங்கி வந்தாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த புத்திசாலி.

அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போனதும் கடைக்கு ஓடி, தக்காளிக்கும் கீரைக்கும் அடியில் மறைத்து ஒரு புது நியானைக் கொண்டுவந்து விட்டாள். அது செடிக்குப் பின்னால் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. எல்லாம் ஒரே அச்சுதானே, குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

"அம்மா, கோணவாலன் வாலு எப்டி நேராச்சு?"

"வளர வளர சரியாப் போயிடும்டி."

"இது அவன் இல்ல. கூப்ட்டா வர மாட்டேங்குது."

"அதே மீனுதான். போய்ப் படி."

"அப்ப என் தலமேல சத்தியம் பண்ணு."

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். பெற்ற பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் பண்ணினால் அது அந்தப் பிள்ளையைத்தான் போய்ச் சேரும் என்பது முத்தியால்பேட்டையில் யாருக்குத் தெரியாது? ஆனால் உண்மையைச் சொன்னால் பிள்ளை அழுதழுது காய்ச்சலில் படுக்கும். அடுப்பில் குழம்பு வேறு பொங்கிக்கொண்டிருந்தது. மேனகா கையைத் துடைத்துக்கொண்டு மகளின் தலையில் வைத்தாள்.

"சத்தியமா, அதே மீனுதான்."

உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்னத் தலை ஒரு நொடி சில்லென்று ஆனது. சுடர் சிரித்துவிட்டுப் படிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு மேனகாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் இன்னொரு நியான் குறைந்திருக்கும், இவள் போய் இன்னொன்று வாங்கி வருவாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகிப் பொசுங்கியும் வீட்டில் துளி நெடி வரவில்லை. பிள்ளை தெருவைக் கடந்தால் பின்னாலேயே ஓடினாள், தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தாள். பாவி, மீனுக்காகவா பிள்ளையைப் பணயம் வைத்தேன் என்று தனக்குள் திட்டிக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் சத்தியம் விலகிவிடும் என்று ஒரு நம்பிக்கை மட்டும் மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதற்குத் துணிந்தாள். புருஷன் இராமதாஸ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அன்று லீவு. படகு பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த மகளைக் குருசுக்குப்பம் கரைக்குக் கூட்டிப் போயிருந்தான். அவர்கள் திரும்புவதற்குள் மேனகா ஏஞ்சல் இரண்டையும் வலையில் பிடித்து வாளியில் விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "சுடரு, அம்மா பொய் சொல்லிட்டேண்டி, என்ன மன்னிச்சுடு" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் தெருச் சத்தம் எல்லாம் அடங்கியது. சன்னல் வழியாகக் கடல் உப்பும் சாக்கடையும் கலந்த வாடை வந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே வீடு இருட்டியது, கரண்ட்டும் போனது. நாள் முழுக்கக் கொப்பளித்துக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும்தான், இத்தனை நேரம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. தொட்டிக்குள் நியான்கள் நிறமிழந்து வெளுத்திருந்தன. வாளியில் மட்டும் இரண்டு வாய்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து திறந்து மூடின. ப்ளக். ப்ளக்.

இராமதாசுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

கேட் கிரீச்சிட்டது.

இராமதாஸ் நின்றான். இடுப்பு வரை நனைந்த பேண்ட், முழங்கால் வரை மணல். அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றது. செருப்பை மூலைக்கொன்றாய் உதறிவிட்டு "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி வரவில்லை. வாசற்படியிலேயே நின்றது.

"உள்ள வா," என்றான் இராமதாஸ்.

வந்தது. மின்விசிறியைப் பார்த்தது. காலண்டரைப் பார்த்தது. சுவரை உரசிக்கொண்டே போய், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் புகுந்து நின்றுகொண்டது.

"ஏங்க, இன்னா இவ்ளோ நேரம்?"

"அலை பெருசா இருந்துச்சு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதான் வந்துட்டம்ல."

துண்டால் தலை துவட்டினான். காய்ந்த பிறகும் துவட்டினான்.

மேனகா செல்போன் வெளிச்சத்தைப் பிள்ளை மேல் அடித்தாள். அதே மஞ்சள் பூப்போட்ட கவுன். அதே நெற்றி முடி. முன்பல் விழுந்த அதே ஓட்டை. அப்பாடா என்று மூச்சு விட்டபடி அதன் வலக்கையைப் பிடித்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். போன பொங்கலுக்குப் பீரோக் கதவில் நசுங்கி, அன்றிலிருந்து பிளந்தே வளர்ந்த நகம். வாராவாரம் பார்த்துப் பார்த்து வெட்டிவிடுவது இவள்தான்.

நகம் வழவழவென்று இருந்தது. பிளவே இல்லை.

"நகம்..."

"வளந்து சரியாப் போயிருக்கும். வுடு மேனகா."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மகளிடம் பொய் சொன்ன அவளுடைய குரல் அது.

"எம்பொண்ணு எங்க?"

இராமதாஸ் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

கத்த வேண்டும். கரைக்கு ஓட வேண்டும். ஆனால் எந்த வாயால் கேட்பது? அவனை எந்த முகத்தோடு உலுக்குவது? தலையில் கை வைத்தவள் அவள். செய்தது அவள்.

பிள்ளை சந்திலிருந்து வெளியே வந்தது. உப்பு வாடை. ஈரக் கையை மேனகாவின் கன்னத்தில் வைத்தது. பனிக்கட்டிக் குளிர்.

"அழாதீங்கம்மா," என்றது மெதுவாக. சுடர் ஒருநாளும் அவளை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. "அப்பா எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. ஒண்ணு மட்டும் உங்கள கேட்டுக்கச் சொன்னாரு."

"இன்னா?"

"எம்பேரு இன்னாம்மா?"

இராமதாஸ் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான்.

வெளியே மழை. மேனகா தன் மகளின் பெயரைச் சொன்னாள்.

பிள்ளை அதைச் சொல்லிப் பார்த்தது. முதல் தடவை வாயில் சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை, மகளின் குரலிலேயே வந்தது.